பெயர் சொல்லாமல் வாசித்த கதை

யுத்தகாலத்தில் எங்கள் பகுதிப் பத்திராதிபர் ஒருவர் சிறுகதைத் தொகுப்பொன்று போடப்போவதாக அறிவித்தார். நானும் ஒரு கதை எழுதிக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். "முடிவு சொல்லியனுப்புறன், தம்பி" என்றார். மாரி கழிந்து பனியும் வந்துவிட்டது, முடிவு வரவில்லை. அச்சில் என் பெயரைப் பார்க்கும் ஆசை ஒருபுறம். அதைவிட, இந்த மனிதர் எதை வைத்துத்தான் ஒரு கதையை நல்லது, கெட்டது என்கிறார் என்று அறியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

அவருடைய அச்சுக்கூடத்தில் அச்சுக்கோப்பவரை மெல்லப் பிடித்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்ததும் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். பத்திராதிபர் கதைகளை ஊர் ஊராக வாசிகசாலைகளுக்குக் கொண்டுபோய், பின்னேரம் யுத்தச் செய்தி வாசித்து முடிந்த கையோடு, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் உரத்து வாசிக்கச் செய்வாராம். தான் பின்னால் இருந்து சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"கதை நடக்கேக்கை வெத்திலை துப்ப ஆரும் எழும்பினாங்களெண்டால், அந்தக் கதை துலைஞ்சுது" என்றார்.

அன்றிலிருந்து பின்னேரமானால் எங்கள் ஊர் வாசிகசாலையே கதியென்று கிடந்தேன். யுத்தச் செய்தி கேட்க என்னைப் பெற்ற ஐயாவும் வருவார். முன்வரிசை வாங்கு எப்போதும் அவருக்குத்தான். ஒருநாள் பத்திராதிபர் வந்து பின்சுவரோரம் இருந்தார். செய்தி முடிந்தது. வாசிப்பவரின் வாயிலிருந்து என் கதையின் முதல் வரி வந்தது. பயத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஏனென்றால் அது ஐயாவின் கதை.

ஐயாவும் பெரியப்பாவும் எல்லைவேலித் தகராறில் பேச்சை விட்டவர்கள். பெரியப்பா தன் மகளின் கலியாணத்துக்குத் தானே வந்து அழைத்தும் ஐயா போகவில்லை. வேலியோரம் தனியே நின்று மேளச்சத்தம் கேட்டார். அதைத்தான் எழுதியிருந்தேன். ஐயா கதைப்புத்தகம் தொடமாட்டார் என்ற துணிவு. புகையிலை வியாபாரியான அவரை வண்டில்காரனாக்கி, எங்கள் கிணற்றை வடக்கே தள்ளிவிட்டால் ஊருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒருவரும் எழும்பவில்லை. நான் ஐயாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேளச்சத்தம் வரும் இடத்தில் அவர் தொடையில் ஓங்கி அடித்தார்.

"உவனும் ஒரு மனிசனோ? தமையன்காரன் படலைக்கு வந்து கூப்பிட்டிருக்கிறான். போகாமல் வேலிக்குப் பின்னாலை நிண்டு கேக்கிறாராம்!"

"ஓம், ஓம்" என்றது கூட்டம். சிலர் ஐயாவைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா நடிக்கிறாரா, மெய்யாகவே தன்னை அடையாளம் தெரியவில்லையா? முன்னால் போய் அவர் முகத்தைப் பார்க்கத் துடித்தேன். ஆனால் நான் எழும்பினால் என் கதையல்லவா துலைந்துவிடும்! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது பத்திராதிபர் என் தோளில் தட்டினார். "உம்மடை கதை எடுத்தாச்சு, தம்பி. முன்வாங்கிலை இருந்தவர் துள்ளின துள்ளலுக்காகவே எடுத்தன்."

அவர் என் ஐயா என்று நான் வாய் திறக்கவில்லை.

புத்தகம் வந்தது. என் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தேன், சந்தோஷம் தாங்கவில்லை. ஊரெல்லாம் கதைத்ததால் ஐயாவுக்கும் சேதி எட்டியது. "எங்கை, வாசி பாப்பம்" என்று எதிரே வந்து இருந்தார். வாசித்தேன். மேளச்சத்தம் வந்த இடத்தில் இந்த முறை அவர் தொடையில் அடிக்கவில்லை.

"எல்லாம் சரியாய்த்தான் எழுதியிருக்கிறாய்" என்றார் முடிந்ததும். "ஆனா அவன் அதிலை நிண்டு அழுதவன். அதை ஏன் எழுதாமல் விட்டனி?"

"அது எனக்குத் தெரியாது, ஐயா" என்றேன்.