சுத்தபோசனம் இருந்த பன்றிகள்

மரிய செல்வி வளர்த்த வெள்ளைப் பன்றி எழுந்து நின்றால் திருமயம் கோட்டையே மறையும் என்று ஆவூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். கோட்டையைக் கழித்துவிடுங்கள், பன்றி நிசம், அது எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததும் நிசம்.

1962-இல் அவளிடம் இரண்டு பன்றிகள் இருந்தன. மகள் ஞானசெல்வியின் கல்யாண விருந்துக்கென்று வளர்த்தவை. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் நடக்காது என்பதால், பாஸ்கு என்கிற அந்த ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் குறித்திருந்தார்கள். விருந்தில் கறி குறையக் கூடாது என்பது மாப்பிள்ளையின் தகப்பனார் அடைக்கலசாமி கேட்ட ஒரே காரியம். இலையில் கறி குறைந்தால் வரும் பேச்சு மகள் தலையில்தான் விடியும் என்று புருசனை இழந்த அவளுக்குத் தெரியும்.

விடியுமுன் தண்ணீர் சுமந்து, தவிடும் கடலைப் புண்ணாக்கும் வேகவைத்து, கட்டுமாவடியிலிருந்து பஸ் கூரையில் வரும் கருவாட்டுத் தூளை அதில் இரண்டு கை போடுவாள். முதுகு விட்டுப்போகும். ஆனால் பன்றிகள் உருண்டு திரண்டன.

தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று, மகளுக்காக நாற்பது நாளும் கறி மட்டுமல்ல, மீன்கூடத் தொடாமல் சுத்தபோசனம் இருப்பதாக நேர்ந்துகொண்டாள். கவிச்சி வாடையே ஆகாதென்று பன்றித் தொட்டியையும் தேய்த்துக் கழுவினாள். தூள் மூட்டை பரணுக்குப் போனது. அந்தக் குறையைத் தவிட்டால் நிரப்பினாள்.

பன்றிகள் முன்னைவிட அதிகம் தின்றன. வயிறு மட்டும் ஊதியது, முதுகெலும்பு தெரிந்தது, விட்டையில் தவிடு போட்டது போட்டபடி வந்தது. அள்ளி அள்ளிக் கை ஓய்ந்தது.

பாஸ்குக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று, கால்நடை இன்ஸ்பெக்டர் அழகுமலை சைக்கிளில் வந்து தொட்டியை முகர்ந்து பார்த்தார். உடம்பைக் கட்டும் புரதத்துக்குள் அமினோ அமிலம் என்று பல தினுசு உண்டு, தவிட்டிலும் புண்ணாக்கிலும் அவற்றில் ஒன்றிரண்டு போதாது, மீனில்தான் தாராளம் என்றார்.

"கொத்தனாருகிட்ட செங்கல் மலையாக் கெடந்தாலும் சுண்ணாம்பு தீந்துபோனா செவரு ஏறுமாங்க? அது மாதிரிதான். தெனம் ஒரு கை கருவாட்டுத் தூளு போடுங்க. மெல்ல ஏத்துங்க."

மெல்ல என்றது அவள் மனதில் தங்கவில்லை. கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நேர்ச்சை முடியட்டும் என்று காத்திருந்து, பாஸ்குப் பூசையிலிருந்து வந்ததும் மூட்டையில் பாதியை ஒரே வேளையில் கொட்டினாள். வெறும் தவிட்டுக்குப் பழகிய குடல் எப்படித் தாங்கும்? செரிக்காத புரதம் உள்ளே கெட்டு, சாயங்காலத்துக்குள் இரண்டும் நீராய்க் கழிந்து படுத்துவிட்டன.

மறுபடி அழகுமலையைக் கூப்பிட்டாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், பிறகு சிட்டிகைத் தூள், பிறகு அரைக் கை. ஐந்தாம் நாள் சின்னது செத்தது. குழி வெட்டியதும் அவள்தான். மண்ணைத் தள்ளிவிட்டு மண்வெட்டியின் மேலேயே சாய்ந்து நின்றாள். பெரியது எலும்பும் தோலுமாய் எழுந்தது.

கல்யாணத்தன்று கறிக் குழம்பில் பாதிக்குமேல் வாழைக்காய். அடைக்கலசாமி இலையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். மரிய செல்விக்குச் சாக்குச் சொல்லவும் தெம்பில்லை.

"கொறதாண்ணே. எங்க பன்னியும் தபசுல சுத்தபோசனம் இருந்துருச்சு."

அவர் தோள் குலுங்கச் சிரித்து, இன்னும் கொஞ்சம் வாழைக்காய் போடச் சொன்னார். மகள் தலை தப்பியது என்று அவள் சுவரோடு சாய்ந்தாள்.

பக்கத்தில் கலர் குடித்துக்கொண்டிருந்த அழகுமலைதான் விடவில்லை.

"அது எங்கங்க வெரதம் இருந்துச்சு? நாப்பது நாளும் தொட்டியில கருவாட்டத் தேடிக்கிட்டுல்ல கெடந்துச்சு. இருக்க வச்சது நீங்க."