லொரெட் அடைக்காத ஓட்டை

கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் கறுப்பு ரப்பர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டுக் குதிகாலால் ஒரு மிதி. உறைந்த தண்ணீர் வட்டத் தட்டாக வெளியே விழுகிறது. லொரெட் திபோடோ அதை வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டு, இன்னொரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றுகிறாள். குளிர்காலம் முழுக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை இதே வேலை. மார்ச் பிறப்பதற்குள் அந்தத் தட்டுகளே வேலிக்கு ஒரு மதிலாகிவிடும்.

அமெரிக்காவின் வட மெய்னில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு பெட்டைகள், ஃபெலிக்ஸ் என்று ஒரு சேவல். கடுங்குளிர் வருகிறதென்றால் ஃபெலிக்ஸின் பெரிய கொண்டையைக் குளிர் கடிக்காமலிருக்க வாசலின் களிம்பு தடவுவாள். அவன் திமிறுவான். "அசையாதடா! உன்னைய என்ன பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறேன்?"

கொட்டகைக்குச் சூடு விளக்கு போடச் சொன்னால் கோபம் வந்துவிடும். "கோழிய காப்பாத்துறேன்னு கொட்டகைய கொளுத்தவா? குளிரு அதுங்கள ஒண்ணும் பண்ணாது. ஈரந்தான் எமன்." கூரைக்கடியில் ஒரு கை அகல ஓட்டை உண்டு. எந்தக் குளிரிலும் அதை அடைக்க மாட்டாள்.

இந்த ஜனவரியில் பேருந்துப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் வெளியே இறங்கக் கூடாதென்றார் மருத்துவர். கோழிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுத்த வீட்டு ஆல்டன் வந்தார். எழுபது வயது, பாஸ்டனிலிருந்து இங்கே குடிவந்து இரண்டு வருடம். அவருக்குப் பதினோரு விஷயம் எழுதிக் கொடுத்தாள். ஓட்டையைப் பற்றி எழுதவில்லை. அதைப் போய் யாராவது அடைப்பார்களா என்ன?

மைனஸ் முப்பது என்று வானொலி சொன்ன அன்று, கோழி அடையும் நேரத்தில், பழைய மெத்தைப் போர்வை ஒன்றைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தார் ஆல்டன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

காலையில் லொரெட் சமையலறையிலிருந்து பார்த்தாள். கொட்டகைச் சன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக வெள்ளை வெளேரென்று பனி. மருத்துவரை மறந்தாள். ஊன்றுகோல்களோடு பனியில் இறங்கிப் போனாள். உள்ளே மூக்கைத் துளைக்கும் எச்ச நெடி. சுவரெல்லாம் கசிந்து உறைந்திருந்தது. ஃபெலிக்ஸின் கொண்டை நுனிகள் வெளிறிப் போயிருந்தன. ஊன்றுகோலால் போர்வையை இடித்து வெளியே தள்ளினாள்.

வெந்நீரோடு வந்த ஆல்டன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான்தான் அடைச்சேன், லொரெட். எங்கம்மா தச்ச போர்வை. கதகதப்பா இருக்கட்டுமேன்னு..."

"அதுங்க விட்ட மூச்சையே தண்ணியாக்கி அதுங்க தலையில ஊத்திட்டீங்க, ஆல்டன்."

"செத்துடுமா?"

"நுனி கருகி உதிரும். உசுரு இருக்கும். இன்னொரு ராத்திரி இப்படிப் போயிருந்தா பதிமூணையும் அள்ளிப் போட்டிருக்கணும்."

அவர் வெந்நீர்க் கெட்டிலைக் கீழே வைத்தார். "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லும்மா. இது எனக்கு ஆகாது."

வேறு யார் இருக்கிறார்கள்? ஆல்டன் வீட்டை விட்டால் அடுத்தது இரண்டு மைலுக்கு அப்பால். இன்னும் ஐந்து வாரம் பாக்கி.

லொரெட் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். அவருடைய வலது கையுறையைப் பிடித்து உருவினாள். அடையும் கட்டையில் இறகை உப்பி உட்கார்ந்திருந்த சிவப்புப் பெட்டையின் இறக்கையைத் தூக்கி, அந்த வெறுங்கையை உள்ளே நுழைத்தாள். அவர் விரல்களில் சூடு ஏறும்வரை மணிக்கட்டை விடவேயில்லை.