‘லுக் இன்டு’வில் தேதி இல்லை

மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஒரு வேண்டுதல் வைத்தேன். அவள் எழுந்து நடந்தால், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவில் இருவரும் மெழுகுவர்த்தி பிடித்துப் பவனி போவது என்று. எழுந்து நடந்துவிட்டாள்.

திருவிழா அன்று எனக்கு மதிய ஷிப்ட். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. சூப்பர்வைசர் என்னைவிட இளையவர், தமிழர். லீவு விண்ணப்பப் பாரத்தை நீட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ஐ வில் லுக் இன்டு இட், அண்ணே” என்றார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன்.

“என்ன ஏதுன்னு விசாரிச்சுப் பார்க்கிறேன்னு அர்த்தம்பா.”

“எப்போ பார்ப்பாங்க?”

“அது அந்த வார்த்தையில இல்ல லா.”

அன்றிலிருந்து சந்தேகம் பிடித்துக்கொண்டது. கேன்டீன் காற்றாடிக்கும் அவர் இதையேதான் சொன்னார். அது இன்னும் சுற்றவில்லை. கழிவறைக் கதவுக்கும் இதேதான்; ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே காவல் நிற்கிறோம். முடியும் என்றால் ‘ஓகே’ என்பார். முடியாததை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் பேச்சு இது என்று முடிவு கட்டினேன். நானும் கூச்சக்காரன்தான்.

மறுநாள் அவர் வேறு சட்டையில் வந்தார். பாரம் பழைய சட்டையோடு வாஷிங் மெஷினுக்குப் போயிருக்கும். ஆபீஸ் வாசலில் இரண்டு பேர் சிரித்தால் என் லீவைப் பற்றித்தான் என்று தோன்றியது. போய்க் கேட்க வாய் வரவில்லை.

“என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“பார்க்கிறாங்களாம்.”

“பத்து நாளாவா? அந்தப் பாரத்துல என்ன, படமா ஓடுது?”

மறுநாளே ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பனிடம் ரகசியமாகப் பேசினேன். திருவிழா அன்று அவன் என் ஷிப்டில் நிற்பான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவனுடைய இரவு ஷிப்டில் நான் நிற்பேன். அந்த நாளில் கிளந்தானில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நான்கு நாள் கழித்து சூப்பர்வைசர் பாரத்தை என் மேசையில் வைத்தார்.

“சாரி லா அண்ணே, லேட்டாயிடுச்சு. லீவு ஓகே. ஆபீஸ்ல மூணு பேர் கையெழுத்து வேணும்னுட்டாங்க. நாந்தான் பின்னாடியே அலைஞ்சேன்.”

முதல் கையெழுத்து அவருடையது. நான் பாரம் கொடுத்த அதே நாள் தேதி போட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தேங்க்ஸ், தம்பி.”

பாரத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நண்பனிடம் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. அவன் வீட்டில் எல்லோரும் அவனை எதிர்பார்த்திருப்பார்கள்.

பவனியில் மனைவி மெதுவாக, ஆனால் யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். பாதி வழியில் கேட்டாள்:

“கிறிஸ்துமஸ் ராப்பூசைக்கு உங்களுக்கு ஆஃப்தானே? சேர்ந்து போகலாம்.”

மெழுகு என் விரலில் சொட்டியது.

“பார்க்கிறேன்” என்றேன்.

அவள் நின்று, மெழுகுவர்த்தியை என் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.