பெடலை அமுத்துங்க, மொதலாளி

திண்டிவனத்தில் என் மெக்கானிக் ஷெட்டு வாசலில் பழைய முதலாளி வந்து இறங்கியபோது எனக்கு முதலில் வந்தது பயம். அடுத்த நிமிடம் கோபம் வந்தது. அது போகவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் விழுப்புரத்தில் அவர் ஷெட்டில் வேலை பார்த்தேன். பிரேக் பேடு மாற்றும்போது, சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளித்தான் புதுப் பேடை மாட்ட முடியும். மாட்டியதும் பெடலை நாலு தடவை அமுத்தினால் பிஸ்டன் முன்னால் வரும். அமுத்தாமல் வண்டியை எடுத்தால் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. அன்று நான் சக்கரத்தின் கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி காதில் போனோடு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். "பெடலை அமுத்துங்க, மொதலாளி!" என்று கத்தினேன். வண்டி நேரே போய் சுவரில் மோதியது.

இறங்கியவர் பக்கத்தில் நின்ற கஸ்டமர் உட்பட எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டினார். "எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் கையில பிரேக்கைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நான் கத்துனேன் மொதலாளி."

"கத்துனியா? யாரு காதுல வுழுந்துச்சு? சொல்லியிருந்தா நான் அமுத்தியிருக்க மாட்டேனா?"

பக்கத்தில் டிங்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். சுத்தியல் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். அன்றோடு வேலை போயிற்று.

வேலை போனது ஆறிவிட்டது. அந்தக் கேள்விதான் ஆறவில்லை. பூட்டிய கதவைத் திரும்பி வந்து மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். உண்மையிலேயே கத்தினேனா, கத்த நினைத்தேனா? எட்டு வருஷமாக ஒரு நாள் கத்தியதாகத் தோன்றும், மறுநாள் வாயே திறக்கவில்லை என்று தோன்றும். என் வாயை நானே நம்ப முடியாதபடி செய்துவிட்டார் அந்த மனுஷன். அதற்கு அவரைப் பழிவாங்காமல் விடக்கூடாது என்று இருந்தேன்.

இப்போது அவர் கொண்டுவந்தது டர்போ வைத்த சிவப்பு செடான். பழையதாக வாங்கியதாம். பிரேக் மிதித்தால் கிறீச்சென்று கத்தியது. அவர் ஆட்கள் இரண்டு தடவை பேடு மாற்றியும் அடங்கவில்லை. புதுச்சேரியிலிருந்து வேக வண்டிகள் என்னிடம் பிரேக்குக்கு வருவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ரேஸ் பேடு போட்டுடுடா. வீடியோல பாத்தேன். அதாண்டா வண்டிக்கு அழகு. ஜல்தி."

அவர் கேட்டதையே போட்டிருக்கலாம். ரேஸ் பேடு சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வண்டி எடுத்ததும் விழுப்புரம் கடைத்தெருவில் மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஆள் பயந்து சாகட்டும் என்று பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் என் மனசு அங்கேயே நிற்காது. வண்டிக்கு முன்னால் பால் கேனோடு ஒருவர் ரோட்டைக் கடப்பது தெரிந்தது. அவர் சைக்கிளின் நிறம்கூடத் தெரிந்தது. பெட்டியை வைத்துவிட்டேன்.

"வண்டி எங்க ஓடுது? வேற யாரு ஓட்டுறாங்க?"

"தினம் டவுன்லதான். ஞாயித்துக்கிழம பாண்டி ரோட்ல கொஞ்சம் மிதிப்பேன். வூட்ல அவளும் ஓட்டுவா. இன்னாடா, போலீஸ் மாரி கேக்குற?"

சாதா பேடு வேகத்தில் சூடாகிக் கைவிடும். ரேஸ் பேடு டவுனுக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில், சில்லென்று இருக்கும்போதும் பிடித்து, வேகத்திலும் தாங்குகிற ஒன்றை எடுத்தேன். டிஸ்க்கைத் துடைத்து, காலிபரைத் தாங்கும் பின்களுக்குக் கிரீஸ் வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை பார்த்தேன். பகையாளி வண்டி என்பதால் நாலாவது தடவையும் பார்த்தேன்.

பெடலை மட்டும் அமுத்தவில்லை.

வண்டிக்கு முன்னால் என் ஷெட்டின் பின்சுவர். அதன் மேல் பழைய டயர்களை மூன்று வரிசையாகச் சாய்த்து வைத்தேன், ஆளுக்கும் வண்டிக்கும் அடிபடக்கூடாது என்று. மானம் மட்டும் போனால் போதும். டீ குடிக்க வந்திருந்த இரண்டு டிரைவர்களையும் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, "எடுத்துப் பாருங்க, மொதலாளி" என்றேன்.

ஏறினார். சாவியைத் தொடவில்லை. காலைத் தூக்கி அமுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஜன்னலோரம் குனிந்து கேட்டேன். "இதை மறக்கல போல?"

"எப்பிட்றா மறப்பேன்? அன்னிக்கு நீ கத்துன கத்து இன்னும் காதுல கீது."

"அப்ப கேட்டுச்சா?"

ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "கேட்டுச்சுடா. பெடலுக்குக் கால் போறதுக்குள்ள வண்டி போயிடுச்சு. கஸ்டமர் பக்கத்துல நின்னுகினு இருந்தாரு, வேற இன்னா சொல்றது? வுடு."

விடுவதா? புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும், நான்தான் ஓட்டுவேன் என்று அவரைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளினேன். கூட்டேரிப்பட்டு பக்கம் போய், பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, எண்பது வேகத்திலிருந்து இருபதுக்குப் பிரேக் மிதித்துப் பத்து தடவை இறக்கினேன். ஆறாவதில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும்டா, டேய்! பேஜாரா கீது."

"இன்னும் நாலு இருக்குங்க."

அவர் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தபோது தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நல்ல சந்தோஷமாகத்தான் நீட்டினேன். ஆனாலும் போதவில்லை. அவர் பொய் சொன்ன இடம் கூட்டேரிப்பட்டு இல்லையே.

"ஆயிரம் கிலோமீட்டர்ல பேடைத் தொறந்து பாக்கணும். நீங்க வராதீங்க. நானே விழுப்புரம் வர்றேன்."

போன வாரம் போனேன். அதே ஷெட்டு, அதே சுவர். டிங்கர்காரரும் அதே மூலையில் தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பார்த்து, பிஸ்டனை நன்றாகப் பின்னால் தள்ளி, திரும்ப மாட்டினேன். கடைசி போல்ட்டை இறுக்கும்போது அவரை ஏறச் சொன்னேன். சுத்தியல் நிற்கவில்லை. அது நிற்கக் காத்திருக்காமல், அன்று போலவே அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"பெடலை அமுத்துங்க, மொதலாளி!"

சுத்தியல் நின்றது. டிங்கர்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இவ்ளோ தெளிவா கேக்குதே," என்றார்.

"அன்னிக்கும் கேட்டுச்சு," என்றார் முதலாளி, யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு, எல்லாரும் பார்க்க, பெடலை அமுத்தத் தொடங்கினார். நான் சத்தமாக எண்ணினேன். நாலு போதும். பத்து வரைக்கும் எண்ணினேன்.