வாவிக்குள் பதினாறு பலகைகள்

காலை ஏழே முக்காலுக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். காத்தான்குடி வாவிக்கரைக்கு ஆறு கிலோமீற்றர், எழுநூறு ரூபாய். கொழும்பில் கண்காட்சிக்குக் கண்காட்சி போய், "தொட வேண்டாம்" என்ற அறிவித்தலை வாசித்து வாசித்தே அலுத்தவன் நான். இங்கே கட்டிடக் கலைஞர்கள் இருவர், ஏறி மிதிக்கிற கலைப்படைப்பு ஒன்றை வாவிக்குள் செய்திருக்கிறார்கள் என்றதும் கிளம்பிவிட்டேன்.

எட்டேகால். கரையிலிருந்து முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் பதினாறு பலகைகள் வரிசையாகப் போயின. மிதித்தால், அடியில் தொங்கும் மரக்கட்டை தண்ணீரில் அறைந்து சத்தமிடும். பலகைக்குப் பலகை வேறு சத்தம். வெட்கத்தை விட்டு முன்னும் பின்னும் குதித்தேன். பக்கத்துத் தோணியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"இறங்குங்க! மீனெல்லாம் ஓடுது!"

அவர் யோகராசா, அந்தத் தோணித்துறையின் மீனவர். கரையில் நின்ற ஷிபானா, படைப்பைச் செய்த இருவரில் ஒருவர், விஷயத்தைச் சொன்னார். இங்கே ஒரு பக்கம் வலையை விரித்து, மறுபக்கம் தோணியில் தடியால் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவார்கள். அரச கந்தோர் கந்தோராக ஏறி அனுமதி வாங்கியவர்கள் மீனவரை மட்டும் கேட்கவில்லை. வருகிறவர்கள் கண்டபடி குதிக்க, மீன் கண்டபடி சிதற, ஒரு வாரமாக யோகராசாவின் வலை வெறும் வலை. பலகைகளை இன்றே கழற்ற வேண்டும் என்று துறை மீனவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது, ஆனால் நியாயம் தோணியின் பக்கம்.

"உங்களத்தான் முதல்ல கேட்டிருக்கோணும், அண்ணன். எங்கட பிழை," என்றார் ஷிபானா. "கழட்டுறம். எப்பிடித் தட்டுற எண்டு மட்டும் ஒருக்காக் காட்டுங்க."

தட்டிக் காட்டத் தடியை எடுத்த யோகராசா, பலகை வரிசையைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார்.

"பொறு புள்ள. கழட்டுறத மறுகாப் பாப்பம்."

கடைசிப் பலகைக்கு அப்பால் வலையை வளைத்து விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கரையில இருந்து ஒவ்வொண்டா மிதிச்சு வாங்க. கிறுகிப் பின்னால போகப்படா. நில்லுங்க எண்டா நிக்கோணும்."

நடந்தேன். "மெதுவா! என்ன அவசரம்?" என்று ஏச்சும் வாங்கினேன். பதினாறாவது பலகையை அடைய இருபது நிமிடம். வலை எழும்பியபோது அதில் மணலை என்கிற வாவி மீன்கள் துடித்தன. ஐயோ, அந்தச் சந்தோஷம்! நானே பிடித்ததுபோல் கூவிவிட்டேன்.

"கழட்டட்டா, அண்ணன்?" என்று கேட்டார் ஷிபானா.

யோகராசா மீனை வலையிலிருந்து எடுத்தபடியே சொன்னார்: "கழட்டினா நாளைக்கு ஆரு தட்டுற?"

பதினொன்றரைக்கு ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகளோடு வந்த ஒருவர் முதல் பலகையில் கால் வைக்கப் போனவர், ஷிபானா ஏதோ சொல்ல, நின்று தோணியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணன், ஏறலாமா?"

தோணியில் கை அசைந்த பிறகே ஏறினார்.