நாற்பத்தோராவது வரி

அந்த முதியோர் இல்லத்தில் அவரை எல்லோரும் ஆபீசம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் புள்ளிவிவர அலுவலகத்தில் எண்களோடு மல்லுக்கட்டியவர். சும்மா உட்கார மனசு வராமல், வாசலில் பார்வையாளர் பதிவேடு எழுதும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் மகன் வருவான். "கேட்டுலயே பாத்துட்டு ஓடிட்டான், அவனுக்கு ஆயிரம் வேலை" என்று அறைக்குத் திரும்பி, கூடத் தங்கியிருக்கும் தையல்காரம்மாவிடம் சொல்வார்.

பச்சைப் பொய். மகன் வந்து மூன்று வருஷமாகிறது. திட்டுகிறவர்கள் திட்டுங்கள், ஆனால் அப்படி ஓர் அறையில் நாலு ஞாயிறு தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

போன மாதக் கடைசியில் மேனேஜர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். இங்கே இருக்கும் ஒருவரைப் பார்க்க மாதம் சராசரியாக ஏழு பேர் வருகிறார்களாம். அவர்களே வெளியே கூட்டிப்போகலாம் என்பதால், சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போகும் வேன் இனி கிடையாதாம். பாதிப் பேருக்கு அந்த வேனை விட்டால் கேட்டைத் தாண்ட வேறு வழியே இல்லை.

"ஏழு பேரா!" தையல்காரம்மா மூக்கின் மேல் விரலை வைத்தார். "எனக்கு வரவேண்டிய ஏழு பேரும் எந்தப் பக்கம் வழி தவறிப் போனாங்களாம்?"

ஆபீசம்மா பதிவேட்டைப் பிரித்தார். அந்த மாதம் மொத்தம் தொண்ணூற்றொரு வருகை. பதின்மூன்று பேரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். தொண்ணூற்றொன்றைப் பதின்மூன்றால் வகுத்தால் ஏழு. அதிலும் அறுபத்தெட்டு வருகை மாடி அறைக் காண்ட்ராக்டர் ஒருவருக்கே. அவருக்குப் பட்டாளமே வரும். மிச்ச இருபத்துமூன்றைப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பதிவேட்டிலேயே இல்லை. ஆள் வந்தால்தானே எழுத முடியும்? ஒன்று, இரண்டு என்று தொடங்கும் இயல் எண்களில் பூஜ்யத்துக்கு இடமில்லை. முழு எண்களில்தான் அதற்கும் ஒரு நாற்காலி உண்டு. மேனேஜர் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை, யாருமே வராதவர்களையும் சேர்த்து வருகைக் கணக்குப்படி வரிசைப்படுத்திய பட்டியலோடு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள்.

"நடுவுல நிக்கிற ஆளைப் பாருங்க சார். சைபர். அதிகம் பேருக்கும் சைபர்தான். ஒரு காண்ட்ராக்டரை வெச்சு எல்லாரையும் அளந்தா எப்படி?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. முகம் சுண்டிப்போய் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். கடைசியில் நின்றார்.

"நாப்பது வரிதாம்மா இருக்கு. இங்க நாப்பத்தோரு பேராச்சே? யாரு விட்டுப்போச்சு?"

ஊருக்குத்தான் உபதேசம். விட்டுப்போனது ஆபீசம்மாவேதான். வேண்டுமென்றே விட்டாரா, கை தானாகத் தாண்டியதா, அது அவருக்கே தெரியாது.

"அக்காதான் சார் அது," தையல்காரம்மா பெருமையாக முந்திக்கொண்டார். "அவங்களுக்கு வாராவாரம் மகன் வரார். நாலு போட்டுக்குங்க."

மேனேஜர் பேனாவை எடுத்தார். நாலு என்று போட்டாலும் வேன் ஓடும், மானமும் தப்பும். ஆனால் இருபத்தேழு பேரின் பெயருக்கு எதிரே கூசாமல் பூஜ்யம் எழுதிய கை அது.

"சைபர் போடுங்க சார்," என்றார் ஆபீசம்மா.

"வேணும்னா ஒரு கோடு போட்டு விட்டுரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார் மேனேஜர்.

"கோடு போட்டா நான் கணக்குலயே இல்ல. சைபரே போடுங்க."

போட்டார். வேன் நிற்காமல் ஓடும் என்றும் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். நடைபாதையில் பாதி தூரம் போனதும் தையல்காரம்மா நின்று திரும்பினார்.

"அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் கேட்டுல யாரைத்தான்க்கா பாத்துட்டு வந்தீங்க?"

"காண்ட்ராக்டர் வீட்டு ஆளுங்களை," என்றார் ஆபீசம்மா. "ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டுக் கேட்டு எழுதிட்டிருந்தேன்."