முந்தி எவடம்?

"நீங்கள் எவடம்?" என்று யாராவது கேட்டால் ரதிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வெள்ளவத்தையில் புடைவைக் கடையில் நிற்கிறவளுக்கு அந்தக் கேள்வி இல்லாத நாள் எது? கொழும்பு என்பாள். விடுவார்களா? அது சரி, முந்தி எவடம் என்று தொடங்கிவிடுவார்கள். அட, பிறந்தது கிராண்ட்பாஸ், படித்தது கொட்டாஞ்சேனை. அதற்கு முந்தி அவள் அம்மா வயிற்றில்தான் இருந்தாள்!

கடையில் யாழ்ப்பாணத்துச் சனத்தோடு 'ஆமா'வுக்கு 'ஓம்' போட்டுக் கதைப்பாள். சிங்களவர் வந்தால் சிங்களத்தில் விலை சொல்வாள். வீட்டில் அப்பா செல்லையாவோடு தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேட்கிறவர்களுக்குத்தான் அவள் ஏதாவது ஒன்றாக இருந்து தொலைக்கவேண்டும்.

இப்போது அவளுக்கு ஓர் அறை வேண்டும். அண்ணியின் அடுப்படியில் அனுமதி கேட்டு முட்டை பொரித்து அலுத்துவிட்டது. கடைக்குப் பின் ஒழுங்கையில் தவமணி அன்ரி வீட்டு மாடியறை காலியாக இருந்தது. சமைக்கச் சின்னக் குசினி, தனி வாசல். வாடகையும் ஒத்துவந்தது. அன்ரி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்டார். அறை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், காலையில் ஒரு யாழ்ப்பாணத்து வாடிக்கைக்காரி சொன்ன ஊரை ரதி எடுத்துவிட்டாள். உரும்பிராய்.

கெட்டது குடி. அன்ரியும் உரும்பிராய். எந்த ஒழுங்கை, யாருடைய மகள், எந்தக் கோயிலடி என்று குடைந்தவர், அதோடு விடாமல் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் வீடியோ கோல் எடுக்கத் தொடங்கினார். ஓர் அறைக்கு இத்தனை விசாரணையா? ரதிக்குப் பொறுமை போய்விட்டது. அதோடு சேர்ந்து கடைப் பேச்சும் போய்விட்டது.

"பொய் சொல்லிட்டேன் அன்ரி. நான் கிராண்ட்பாஸ்ல பொறந்தவ. எங்கப்பா பதுளைப் பக்கம் தோட்டத்துல இருந்து வந்தவரு. வாடகை குடுக்கப்போறது நான்தானே?"

அன்ரி போனைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை, முகம் கனிந்துபோனது. அதுதான் ரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றபடி சாவிக்குக் கை நீட்டினார். "சமைக்கத் தெரியுமோ? எங்களுக்கும் வீட்டு வேலைக்கு ஒரு ஆள் தேவையாத்தான் கிடக்கு."

"நல்லா சமைப்பேன் அன்ரி. அதுக்குத்தான் குசினியோட ரூம் கேட்டு வந்தேன்."

நீட்டிய கையில் கொடுக்காமல், சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.